பெயர் மாறிய போர்க்கப்பல்: ரோதரம் முதல் ராஜ்புத் வரை

1. முன்னுரை

மும்பை வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கக் கல்லூரி அமைந்துள்ள சாலை மேஜர் இராமசாமி பரமேஸ்வரனின் பெயரைத் தாங்கியுள்ளது. 1946இல் பம்பாயில் பிறந்த இவர் 1972இல் தரைப்படையில் அதிகாரியானார். மகர் படைப்பிரிவில் பணியாற்றி, 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்தார். மறைவுக்குப்பின் பரம்வீர் சக்ரா விருது பெற்றார். இச்சாலையின் பெயர் உரோமன் எழுத்திலான முகவரிகளில் பெரிதும் ‘பர்மேஷ்வரன்’ என்றே காணப்படுகிறது. இந்தி முதலான வடமொழிக் குடும்ப மொழிகளின் பேச்சில் சொல்லிடை அகரம் கெடுதல் இயல்பு. அவ்வொலிப்பு எழுத்திலும் ஏறிவிட்டது.

ஒருவரின் பெயர் ஒரு பொருளுக்குச் சூட்டப்பட்டதும் அது அவருடைய மொழியின் காவலிலிருந்து நீங்கி, பயன்படுத்துவோர் மொழியின் ஆட்சிக்கு உட்படுகிறது. இவ்வியல்பைத் தெளிவாகக் காட்டும் சான்று, இந்தியக் கடற்படையில் ‘ராஜ்புத்’ என்ற பெயரில் பணியாற்றிய முதல் நாசகாரிக் கப்பலின் வரலாறாகும். அதன் பெயர் மாற்றங்களையும், அவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. அதிகாரியின் பெயரும் ஊரின் பெயரும்

எட்வர்டு ரோதரம் (1753-1830) இங்கிலாந்தின் வடபகுதியில் ஹெக்சம் என்னும் ஊரில் பிறந்தவர். 1805 அக்டோபர் 21 அன்று நடந்த டிரபால்கர் கடற்போரில் ஆங்கிலேயக் கப்பல்கள் இரண்டு அணிகளாகச் சென்றன. ஓர் அணியை நெல்சனும் மற்றோர் அணியைத் துணைத்தளபதி காலிங்வுட்டும் நடத்தினர். காலிங்வுட்டின் கொடிக்கப்பலான ‘ராயல் சாவரின்’ முதலில் எதிரி வரிசைக்குள் புகுந்தது. அக்கப்பலின் தலைவர் ரோதரம். அன்று அதில் இருந்தோருள் 47 பேர் மாண்டனர். 94 பேர் காயமுற்றனர். வரலாற்று நூல்களில் காலிங்வுட்டின் பெயரே மேலோங்கியது. கப்பலை நடத்தியவரின் பெயர் பின்தங்கியது.

அப்பெயருக்கு 137 ஆண்டுகளுக்குப்பின் ஒரு கப்பல் கிடைத்தது. ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் நகரின் ஜான் பிரவுன் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல் 1942 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. எனினும் அதிகாரி தம் பெயரில் எழுதாத ஓர் எழுத்து கப்பலின் பெயரில் இடம்பெற்றது. யார்க்ஷயரில் உள்ள ரோதர்ஹாம் நகரின் எழுத்துமுறையே கப்பலுக்கு வழங்கியது. ஆங்கில ஒலிப்பில் இவ்விரண்டிற்கும் வேறுபாடு இல்லை எனலாம். எழுத்தில் மட்டுமே உண்டு. எழுத்தை மட்டும் காண்பவர் இதனை ஊர்ப்பெயர் என்றே கொள்வர். ஒலிபெயர்ப்பாளர் ஒலியைப் பின்பற்றினால் அதிகாரி மீள்கிறார்; எழுத்தைப் பின்பற்றினால் ஊர் வந்து நிற்கிறது. பெயர்க்காரணம் அறியாத ஒலிபெயர்ப்பு வரலாற்றுப் பிழையாகவும் முடியக்கூடும்.

இரண்டாம் உலகப்போரில் இக்கப்பல் இந்தியப் பெருங்கடலில், கிழக்குக் கடற்படையில் பணியாற்றியது. 1945 செப்டம்பரில் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தில் ஜப்பானியர் சரணடைந்தபோது அச்சரணை ஏற்றவர் இக்கப்பலின் தலைவரே. அதன் நினைவாகச் செம்பவாங்கில் இருந்த அத்தளத்தின் வாயிலொன்று ‘ரோதர்ஹாம் வாயில்’ எனப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய் வேலை செய்த இடம் அது. மனிதரிடமிருந்து கப்பலுக்குச் சென்ற பெயர் கப்பலிலிருந்து வாயிலுக்குச் சென்றது.

3. இந்தியப் பெயரீடும் மோனையும்

ஆங்கிலேயர் ஒரே வகைக் கப்பல்களுக்கு ஒரே முதலெழுத்தில் பெயரிடும் வழக்கம் உடையவர்கள். இக்கப்பல் ரகர வகையைச் சார்ந்தது. அவ்வகையில் மூன்று கப்பல்கள் 1949இல் இந்தியாவுக்கு வந்தன. ‘ரோதர்ஹாம்’ ராஜ்புத் ஆயிற்று. ‘ரிடவுட்’ ரஞ்சித் ஆயிற்று. ‘ரெய்டர்’ ராணா ஆயிற்று. பொருள் முற்றிலும் மாறியபோதும் முதலெழுத்து காக்கப்பட்டது. பொருள்வழிப் பெயர்ப்பன்று, ஒலிவழிப் பெயரீடு இது.

தமிழில் இவ்வமைப்பு மற்றொரு மாற்றம் அடைகிறது. ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது. மரபு வழுவாது எழுதினால் இராஜ்புத், இரஞ்சித், இராணா என மூன்றும் இகரத்தில் தொடங்கும். எழுத்து மாறினும் மோனை கெடுவதில்லை. ‘இராசபுத்திரன்’ என்று எழுதினால் சொற்பிறப்பு விளங்கும்; ஆனால் கப்பலின் பெயர் மறைந்து குலப்பெயர் எஞ்சும்.

பெயருக்கு முன்வரும் அடையும் மாறியது. ஒப்படைக்கப்பட்டபோது இது மன்னரின் இந்தியக் கப்பல். 1950 ஜனவரியில் இந்தியா குடியரசானபின் இந்தியக் கடற்படைக் கப்பல். ஓர் அடைமொழியின் மாற்றத்தில் ஓர் ஆட்சி மாற்றம் பதிவாகியுள்ளது.

4. பிறிதொரு கப்பலின் பெயரில்

1971 போரின்போது ராஜ்புத் மூப்படைந்த கப்பல். விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிப் பாகிஸ்தானின் காஜி என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வந்தது. கிழக்குக் கடற்படைப் பிரிவின் தளபதி, நாகர்கோவிலில் பிறந்த துணைத்தளபதி நீலகண்ட கிருஷ்ணன். அவர் விக்ராந்தை அந்தமான் பகுதிக்கு அனுப்பிவிட்டு, ராஜ்புத்தை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நிறுத்தி, விக்ராந்த் அனுப்புவது போன்ற வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். மாலுமி ஒருவர் தம் தாயின் உடல்நலத்தை வினவும் தனிப்பட்ட தந்தியும் அவற்றுள் அடங்கும். பெரும் கப்பலில்தான் அத்தகைய செய்திகள் மிகுதி என்பதைக் கேட்பவர் அறிவர். செய்தியின் பொருளைக் காட்டிலும் அதன் அளவும் நடையுமே கேட்பவரை நம்பவைக்கும் என்பது இங்குக் கணக்கிடப்பட்டது.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி, லெப்டினண்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ராஜ்புத், நீரில் கண்ட கலக்கத்தை நோக்கி ஆழ்நீர் வெடிகுண்டுகளை வீசியது. அன்றிரவே காஜி அழிந்தது. அதிலிருந்த 93 பேரும் மாண்டனர். இந்தியத் தரப்பு இதனை ராஜ்புத்தின் செயல் என்கிறது. கப்பலின் உள்வெடிப்போ, அது தானே விதைத்த கண்ணிவெடியோ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு.

மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இங்கு மிகுகிறது. ‘காஜி மூழ்கியது’ என்பது தன்வினை. ‘ராஜ்புத் காஜியை மூழ்கடித்தது’ என்பது பிறவினை. பின்னது ஒரு தரப்பின் முடிவை ஏற்றுக்கொள்கிறது. ‘மூழ்கடிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினை எழுவாயை மறைத்தாலும், மூழ்கடித்தவர் ஒருவர் உண்டு என்னும் முடிவை மறைப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் இரு பொருளுக்கும் வருவதால் அங்கு மறைந்து நிற்கும் வேறுபாட்டைத் தமிழ் வெளிப்படையாகக் கேட்கிறது.

5. முடிவுரை

பழைய ராஜ்புத் 1976இல் உடைக்கப்பட்டது. பெயர் உடைக்கப்படவில்லை. சோவியத் ஒன்றியத்தில் ‘நதியோஷ்னி’, அதாவது ‘நம்பத்தகுந்தது’, என்ற பெயருடன் கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல் 1980 மே 4 அன்று ராஜ்புத் என்னும் பெயரேற்றது. 2021 மே 21 அன்று விசாகப்பட்டினத்தில் பணி முடித்தது.

ஆகவே ஒரு கப்பலுக்குப் பல பெயர்களும் ஒரு பெயருக்குப் பல கப்பல்களும் உண்டு. தமிழில் எழுதுவோர் பெயரை ஆண்டுடன் இணைத்தே வழங்குதல் வேண்டும். 1945இல் சிங்கப்பூருக்குள் சென்ற கப்பலை ராஜ்புத் என்பது பொருந்தாது. பெயர்க்காரணம் மனிதரா ஊரா என்பதையும் முதல் வழக்கிலேயே சுட்டுதல் வேண்டும். இவ்விரண்டும் பேணப்படின், ஓர் எழுத்து மிகுந்ததால் ஊருக்குள் மறைந்துபோன ரோதரமும், ஓர் அகரம் குறைந்த நிலையில் வடாலாச் சாலையில் வாழும் பரமேஸ்வரனும் தத்தம் பெயராலேயே அறியப்படுவர்.