கிழிந்த ஸ்பீக்கரும் 910 டாலரும்

1951 மார்ச் மாதத் தொடக்கம். மிஸிஸிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் ஊரிலிருந்து மெம்பிஸுக்குக் கிளம்பியது ஒரு கார். நெடுஞ்சாலை 61 வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் 'கிங்ஸ் ஆஃப் ரிதம்' என்ற கறுப்பின இளைஞர் குழு. தலைவர் ஐக் டர்னருக்கு வயது 19. அவர்களை மெம்பிஸுக்குப் போகச் சொன்னவர் பி.பி. கிங். அவரும் அப்போது வளர்ந்துவரும் பாடகர்தான்.

வழியில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையர் அடிபட்டது. அது காரின் மேலிருந்து கீழே விழுந்தது என்று, அன்று பாட்டைப் பதிவு செய்த சாம் பிலிப்ஸ் கடைசிவரை சொன்னார். டிக்கிக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது என்பது டர்னரின் கட்சி. எப்படியோ, ஸ்டூடியோவில் இறக்கிப் பார்த்தால் ஸ்பீக்கரின் கூம்பு கெட்டுப்போயிருந்தது. பழுது பார்க்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. பிலிப்ஸ் காகிதத்தைக் கசக்கிக் கூம்புக்குள் திணித்தார். வில்லி கிஸார்ட் கிட்டாரில் அடிச்சுரங்களை வாசித்தபோது, குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல ஒரு இரைச்சல் கிளம்பியது. அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர் வேறு யாராக இருந்தாலும் கிட்டாரை வாசிக்கவே வேண்டாம் என்றிருப்பார். அல்லது மைக்கைத் தள்ளி வைத்திருப்பார். பிலிப்ஸுக்கோ அது சாக்ஸஃபோன் சத்தம்போலக் காதில் விழுந்தது. அமுக்காமல் முன்னால் கொண்டுவந்தார். பிற்காலத்தில் கிட்டார்க்காரர்கள் காசு கொடுத்துக் கருவி வாங்கி உண்டாக்கிய கரகரப்பு, இந்தப் பாட்டில் ஓட்டை ஸ்பீக்கரின் புண்ணியத்தில் வந்தது.

யார் இந்த பிலிப்ஸ்? அலபாமா கிராமத்தில் பிறந்து வானொலியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். 1950 ஜனவரியில் மெம்பிஸ், யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில் சிறிய ஸ்டூடியோவைத் திறந்தார். கல்யாணம், கருமாதி எதுவானாலும் பதிவு செய்து கொடுப்பார். சோறு போட்டது அதுதான். ஆனால் அவர் மனம் முழுக்கக் கறுப்பினப் பாடகர்களிடம் இருந்தது. பேருந்து, பள்ளி, உணவகம் என்று எல்லாவற்றிலும் இரு இனங்களையும் பிரித்து வைத்திருந்த ஊரில், அவர்கள் வந்து பாட ஒரு கதவு அங்கே திறந்திருந்தது.

அன்று பதிவான பாட்டு 'ராக்கெட் 88'. ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 1949-இல் விட்ட வேகமான காரைப் புகழும் பாட்டு. பாடியவர் குழுவின் சாக்ஸஃபோன்காரர் ஜாக்கி பிரென்ஸ்டன். ஜிம்மி லிகின்ஸ் 1947-இல் பதிவு செய்த 'காடிலாக் பூகி'யைத்தான் மாற்றிப் பாடினோம் என்று பிரென்ஸ்டனே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். தொடக்கத்தில் டர்னர் பியானோவில் தடதடவென்று இறங்கும் இடத்தைக் கேட்டவர்களுக்கு, 1958-இல் வந்த லிட்டில் ரிச்சர்டின் 'குட் கோலி மிஸ் மாலி'யின் முகப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இதுதான் முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பிலிப்ஸ் அவர்களில் முதல் ஆள், அவர் ஸ்டூடியோவாயிற்றே! எனக்கு இதில் சம்மதமில்லை. ராய் பிரவுன் 1947-இலேயே 'குட் ராக்கிங் டுநைட்' பாடிவிட்டார். ஃபேட்ஸ் டாமினோவின் 'த ஃபேட் மேன்' 1949 டிசம்பரில் பதிவானது. அதற்கெல்லாம் முன்பே, 1945-இல், சிஸ்டர் ரொஸெட்டா தார்ப் என்ற தேவாலயப் பாடகி மின்சாரக் கிட்டாருடன் பாடிய பக்திப்பாட்டு, கறுப்பின இசைத்தட்டுகளுக்கான விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறியது. டர்னரே தன் பாட்டை ரிதம் அண்ட் புளூஸ் என்றுதான் சொன்னார். ராக் அண்ட் ரோல் வரக் காரணமானது அது என்பதோடு நிறுத்திக்கொண்டார். முதல் தட்டு எது என்ற சண்டை தீராது. பணம் யாருக்குப் போனது என்ற கேள்விக்கோ தெளிவான விடை உண்டு.

அப்போது பிலிப்ஸிடம் சொந்த இசைத்தட்டு நிறுவனம் கிடையாது. பதிவை சிகாகோவின் செஸ் நிறுவனத்துக்கு அனுப்பினார். தட்டு வெளிவந்தபோது அதில் 'ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கேட்ஸும்' என்று அச்சாகியிருந்தது. அப்படி ஒரு குழுவே இல்லை! குழுவை உருவாக்கிப் பியானோ வாசித்த டர்னரின் பெயர் தலைப்பில் காணோம். ஜூன் மாதம் பாட்டு பில்போர்ட் இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. டர்னருக்கு ஏற்பட்ட ஆத்திரம் சாகும்வரை ஆறவில்லை.

பெயர் வாங்கிய பிரென்ஸ்டனாவது பிழைத்தாரா என்றால், அதுவும் இல்லை. பாட்டின் உரிமையை 910 டாலருக்கு பிலிப்ஸிடம் விற்றுவிட்டார். குழுவை விட்டு விலகித் தனியாகப் பாடினார். அடுத்த தட்டுகள் போணியாகவில்லை. பிறகு டர்னரிடமே திரும்பி வந்து பின்வரிசையில் சாக்ஸஃபோன் வாசித்தார். குடி பிடித்துக்கொண்டது. கடைசியில் லாரி ஓட்டினார். அந்தப் பழைய பாட்டைப் பற்றிப் பேசவே அவருக்கு விருப்பமில்லை. 1979 டிசம்பரில் மெம்பிஸில் இறந்தார்.

அதே 1951-இல் பென்சில்வேனியாவில் கௌபாய் தொப்பியோடு நாட்டுப்புறப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பில் ஹேலி என்ற வெள்ளைக்காரர், 'ராக்கெட் 88'-ஐத் தன் குழுவோடு பதிவு செய்தார். நான்கே ஆண்டில், 'ராக் அரவுண்ட் த கிளாக்' மூலம் அவர் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தார். பிலிப்ஸும் 1952-இல் சன் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு, சொந்தச் செலவில் ஒரு தட்டு பதிவு செய்ய அதே ஸ்டூடியோவுக்கு வந்த வெள்ளைக்காரப் பையன் எல்விஸ் பிரெஸ்லி. 1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தை பிலிப்ஸ் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார்.

பிலிப்ஸை வில்லனாக்கிவிட வேண்டாம். அவர் இல்லாவிட்டால் கிஸார்டின் அந்த இரைச்சல் தட்டில் ஏறியே இருக்காது. ஆனால் 910-ஐயும் 35,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ராக் அண்ட் ரோல் வரலாற்றை எழுத முடியாது.

அடுத்த வாரம் கிளீவ்லாண்டுக்குப் போவோம். 1952 மார்ச் 21 அன்று, ஏறக்குறைய 10,000 பேர் கொள்ளும் அரங்கத்தின் வாசலில் அதைப்போல இரண்டு மடங்குக் கூட்டம் முட்டிமோதியது. கச்சேரி ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர் ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர்.

(தொடரும்)