மர ஆணியும் இரும்பாணியும்

வெலிமடையிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெருவில் ஹாலி எலவை அடைந்து, அங்கிருந்து கிளைவழியே சென்றால் போகொடை என்னும் சிற்றூர் வரும். அங்கே கல்லந்த ஓயாவின் குறுக்கே ஒரு மரப்பாலம் நிற்கின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 15 மீற்றர். அகலம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. மேலே ஓட்டுக் கூரை. இருபுறமும் வேலைப்பாடு கொண்ட மரக் கைப்பிடிகள். பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழியில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது இப்பாலம். மருது, பலா முதலிய மரங்களால் ஆகிய இதனைப் பொருத்துவதற்கும் மர ஆணிகளையே கொண்டனர் என்பர்.

இரும்பு கிடையாமையால் மரத்தை நாடினரோ எனும் ஐயம் எழுதல் இயல்பே. இதனையொத்த வினா கடலோடிகளின் கலங்களைப் பற்றியும் எழுந்ததுண்டு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோகோப்பியஸ் என்னும் வரலாற்றாசிரியர், இந்தியக் கடல்களில் ஓடும் கலங்கள் ஆணியின்றிக் கயிற்றால் கட்டப்படுவதைக் குறித்துள்ளார். கடலடியிலுள்ள காந்தப் பாறைகள் ஆணிகளை ஈர்த்துக் கலத்தைச் சிதைத்துவிடும் என்று அக்காலத்தார் நம்பினர். உரோமர் கலங்கள் இரும்பு ஆணிகளுடனேயே செங்கடலில் இன்னலின்றிச் செல்கின்றனவே என்று காட்டி அவர் அக்கதையை மறுத்தார். அதுவரை அவர் கூறியது செம்மையே. ஆனால் உண்மைக் காரணம் இந்தியரிடம் இரும்பு இல்லாமையே என்று அவர் முடித்தது பெரும் பிழை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு கிடைத்த இரும்புக் கருவிகள் அவர் காலத்திற்கு நெடுங்காலம் முற்பட்டவை.

ஊவாவின் எல்லைக்கு அருகே, பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவிலும் ஒரு விடை கிடைத்தது. 1990ஆம் ஆண்டையொட்டி அங்கு நிகழ்ந்த அகழ்வாய்வுகளில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக அமைந்த இரும்பு உலைகள் வெளிப்பட்டன. அவை ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை எரிந்தவை. அவற்றுக்குத் துருத்தி வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக் காற்றே ஊதியது. தோட்ட மக்கள் கச்சான் என்று அஞ்சும் அதே காற்று! 1994இல் ஆய்வாளர் அத்தகைய உலையை மீண்டும் கட்டி எரித்தபோது உயர்ந்த உருக்கே கிடைத்தது.

ஆகவே கயிற்றையும் மர ஆணியையும் தேர்ந்தவர்கள் இரும்பறியாத பேதைகள் அல்லர். இலங்கையின் கரையோரத்துத் துணை மிதவைத் தோணிகளில், குடைந்த அடிமரத்தோடு பக்கப் பலகைகளைத் தென்னந்தும்புக் கயிற்றால் தைப்பது வழக்கம். அலை மோதும்போதும் மணலில் இழுக்கும்போதும் தையல் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். பழுதுற்றால் பிரித்து மீண்டும் தைக்கலாம். 1980இல் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட ‘சோகார்’ என்னும் கலம் ஓர் ஆணியுமின்றித் தைக்கப்பட்டது. அது இலங்கையில் தங்கி, 1981இல் சீனத்துக் கன்ரன் நகரை அடைந்தது.

ஆணியறைந்த கலங்களோ வேறொரு பாடத்தைப் பெரும் செலவிற் கற்றன. 1761இல் ஆங்கிலக் கடற்படையார் ‘அலாரம்’ என்னும் போர்க்கப்பலின் அடிப்பக்கத்தைப் புழுக்கள் அரியாதவாறு செப்புத் தகட்டால் போர்த்தினர். 1763இல் அதனைச் சோதித்தபோது தகடு நன்றாயிருந்தது. செம்பைத் தொட்ட இரும்பாணிகளோ கூழாய் அழிந்திருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் தற்செயலாக இடையில் ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. மின்கலத்தின் தத்துவம் அறியப்படாத காலம் அது. உப்புநீரில் இரு உலோகங்கள் தொடுமாயின் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்பதை ஒரு துண்டுத் தாள் உணர்த்திற்று. பின்னர் 1780களில் கடற்படையார் செப்புக் கலவை ஆணிகளுக்கு மாறினர்.

உலோகத்தோடு மரத்தையும் நோக்கல் வேண்டும். கவ்வாத்துக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுப்பதைத் தோட்டத்தார் நன்கறிவர். தேநீரில் ஓர் இரும்பாணியை இட்டுவைத்தால் அது மையாகிவிடும். துவர்ப்புச் சத்து மிகுந்த ஓக் போன்ற மரங்களில் அறைந்த இரும்பும் இவ்வாறே கறுத்து அரிபடும். ஆணியைச் சூழ்ந்த மரமும் நைந்து பிடிப்பை இழக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் இரும்பு நெடுநாள் தாங்கும்.

பழைய பாய்க்கலங்களைப் புதுக்குவோர் இன்றும் இவ்விடத்தில் இடறுகின்றனர். பித்தளைத் திருகாணி பார்வைக்கு அழகாயிருக்கும். கடல்நீரில் அதன் நாகம் கரைந்து, எஞ்சும் செம்பு பொருக்காய் உதிரும். துருவேறா உருக்கோ காற்றுப் படும் இடத்தில் மட்டுமே பெயருக்கேற்ப நடக்கும். நனைந்த பலகைக்குள் காற்றின்றி அடைபட்டால் ஆங்காங்கே குழிவிழும், தலை மட்டும் வெளியே பளபளக்கும். ஆதலாற் சிலிக்கன் கலந்த வெண்கலத்தை விரும்புவோர் பலர். எனினும் நாகமுலாம் பூசிய இரும்பால் கட்டிய கலத்தில் நாலைந்து வெண்கல ஆணிகளைச் செருகுவது ‘அலாரம்’ கப்பலின் கதையை மீண்டும் தொடங்குவதாகும்.

மர ஆணிக்கு இத்தொல்லை இல்லை. கண்டியை அடுத்த எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒரே பெரும் மரமுளை கூரைத்தலைப்பிற் பிணித்து நிற்பதைக் காணலாம். தச்சர் நன்கு உலர்ந்த வன்மரத்தில் முளை செதுக்கி, இறுக்கமான துளையில் அடிப்பர். ஓடைக்கு மேல் நிற்கும் பாலத்திலோ ஈரம் ஏறியதும் முளை பருத்துத் தானே இறுகும். உளுத்துப்போனால் அதனை மறுபுறம் தட்டி வெளியேற்றி, அதே துளையில் புதியதொன்றைச் செருகலாம். துருவேறிய இரும்பாணியைப் பிடுங்கும்போது அதனோடு நானூறு ஆண்டுப் பழமையான மரத்திலும் ஒரு துண்டு பெயர்ந்து வரும்.