கொச்சியும் கோழியும்

மாவில் புரட்டி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து, அட்டைப் பெட்டியில் வைத்து விரைந்து தரும் கோழியை உண்பதில் மட்டாஞ்சேரி இளைஞர்க்கு இன்று ஆர்வம் மிகுதி. கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் மூத்தோரோ, "அஃது அமெரிக்கன் பண்டம்; நமக்கு எதற்கு?" என்று முகஞ் சுளிக்கின்றனர். நியாயம் யார் பக்கம் என்று பார்ப்போம்.

சமையல் முறை அமெரிக்கருடையதே, அதில் ஐயமில்லை. கென்டக்கி மாநிலத்துக் கார்பின் என்னும் சிற்றூரில் ஹார்லண்ட் சாண்டர்ஸ் என்பவர் 1930-இல் தம் பெட்ரோல் நிலையத்தில் வழிப்போக்கர்க்கு உணவளிக்கத் தொடங்கினார். இரும்புச் சட்டியில் கோழி பொரிய அரை மணி நேரமாகும். வழிப்போக்கர்க்கு அவ்வளவு பொறுமை ஏது? 1939-இல் பிரஷர் குக்கரில் எண்ணெயிட்டுப் பொரிக்கும் வழியை அவர் கைக்கொண்டார். 1952-இல் அவரிடம் உரிமம் பெற்ற முதற்கடை யூட்டா மாநிலத்தில் எழுந்தது. 1995-இல் அந்நிறுவனம் பெங்களூருக்கு வந்தபோது உழவர் சங்கத்தார் கடுமையாக எதிர்த்ததை அங்கு வாழும் நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் சட்டியில் விழும் கோழி யாருடையது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியினர், நம் நாட்டு அசில் சண்டைச் சேவலை ஆங்கிலேய இனங்களோடு கலந்து ஒரு புதிய கோழியை உண்டாக்கினர். சண்டைக்கு அது உதவவில்லை. மார்பிலோ சதை திரண்டிருந்தது. 'இந்தியச் சண்டைக்கோழி' என்றே முதலில் அதற்குப் பெயர். அமெரிக்கர் பின்னர் 'கார்னிஷ்' என்றனர். 1948-இல் அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்றொரு போட்டி நடந்தது. நிறைந்த இறைச்சி தரும் கோழியைத் தேடிய அப்போட்டியில் வென்றது கார்னிஷ் கலப்பினமே. இன்று கடைகளில் பொரிபடும் பிராய்லர் கோழி பெரும்பாலும் கார்னிஷ் வழி வந்தது. போரில் மாண்ட சேவலுக்கு நடுகல் நட்டவர் தமிழர். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்துக் கல் அதற்குச் சான்று. சோழர் தலைநகராகிய உறையூருக்கே கோழி என்று ஒரு பெயருண்டு.

கொச்சியின் பெயரும் ஒரு கோழிக்கு ஏறியது. 1840-களில் சீனத்திலிருந்து இங்கிலாந்து சென்ற, கால்வரை இறகு மூடிய பெருங்கோழியைக் 'கொச்சின்சைனா' என்றும், சுருக்கமாகக் 'கொச்சின்' என்றும் அழைத்தனர். விக்டோரியா அரசியாரே அதனை வளர்த்தார். கொச்சின்சைனா என்பது வியட்நாம் பகுதிக்குப் போர்ச்சுகீசியர் வழங்கிய பெயர். நம் கொச்சியினின்றும் பிரித்தறியவே 'சைனா' ஒட்டப்பட்டது என்பர். ஆக, கொச்சின் என்னும் பெயர் தாங்கிய கோழி கொச்சியில் பிறந்ததன்று. அமெரிக்கப் பண்டம் என்று நாம் ஒதுக்கும் கோழியிலோ நம் நாட்டுக் குருதி ஓடுகின்றது!

வந்தேறிய உணவு மட்டாஞ்சேரிக்குப் புதிதா என்ன? 1568-இல் யூதர் இங்கே தொழுகைக் கூடம் எழுப்பினர். கச்சி மேமன்களும் குஜராத்தியரும் கொங்கணியரும் தத்தம் அடுப்போடு வந்து தங்கினர். அருகே கோட்டைக் கொச்சியில் சலவைத் துறையை நடத்திவரும் தமிழரும் உளர். யூதர்க்கும் முஸ்லிம்களுக்கும் பன்றி ஆகாது. இந்துக்கள் பலர்க்குப் பசு ஆகாது. கோழியை மறுத்தவர் மரக்கறி உண்போரே. பிரியாணிக்குப் பெயர்பெற்ற காயீஸ் உணவகம் இவ்வூரில் தோன்றியதும், மேற்சொன்ன போட்டி நடந்த அதே 1948-இல்தான்.

நாவுக்கு உகந்தது எதுவெனில், மிளகாயும் இஞ்சியும் பூண்டும் ஊறி, மாவுப் போர்வையின்றித் தேங்காயெண்ணெயில் பொரிந்த கேரளக் கோழிக்கே நம் வாக்கு. அதற்குச் சற்றுக் காத்திருக்கத்தான் வேண்டும்.