கணக்கு ஆருக்கு? புதுக்கோட்டையிலிருந்து சிக்காகோ வரை ஒரு பேராசிரியர்

கணக்கீடு எண்டால் வர்த்தகப் பிரிவுக்காரரின் பாடம், ஐந்தொகை இரண்டு பக்கமும் சமப்பட்டால் சரி எண்டுதான் கலைப்பீடத்தில் பலர் நினைக்கிறம். பாலா வி. பாலச்சந்திரனின் வாழ்க்கையைப் படித்தால் அந்த நினைப்பு கொஞ்சம் ஆடும்.

1937இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1960களின் தொடக்கத்தில் அங்கேயே கற்பித்தார். பிறகு அமெரிக்கா. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். 1973இல் சிக்காகோவுக்கு அருகே நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெலொக் முகாமைத்துவப் பள்ளியில் சேர்ந்து, பல பத்தாண்டுகள் கணக்கீட்டுப் பேராசிரியராக இருந்தார். கணக்கீட்டுக்குள் அவர் வந்தது புள்ளிவிபரவியல் வழியாக.

கணக்கீட்டில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. நிதி அறிக்கையிடல் வெளியாட்களுக்கானது: காசு போட்டவர், கடன் கொடுத்தவர், அரசாங்கம். 1980களின் கடைசியில் இலங்கையில் நிதிக் கம்பனிகள் பல விழுந்து, வைப்பிட்ட சனங்கள் நட்டப்பட்டார்கள். 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வங்கிகள், பெரிய கம்பனிகளின் கணக்குக்கு நியமங்களைக் கட்டாயமாக்கியது. மற்றக் கிளை முகாமைத்துவக் கணக்கீடு. தொழிலை நடத்துகிறவர் தன் செலவு எங்கே போகுது எண்டு தானே பார்ப்பதற்கானது. பாலச்சந்திரனுக்குப் பேர் வாங்கித் தந்தது இதுதான்.

இதைக் கிரானில் வைத்துப் பார்ப்பம். புலிபாய்ந்தகல் பக்கம் மாடு வளர்க்கிற ஒரு வீடு. 20 லீற்றர் பால். பாதியைப் பாலாகவே விக்கிறார்கள், பாதியைத் தயிராக்குகிறார்கள். மாட்டுச் செலவு 3,000 ரூபா. சட்டி, விறகு, பஸ் காசு 2,200 ரூபா எண்டு வைப்பம். மொத்தம் 5,200. இதைச் சரிபாதியாகப் பிரித்தால் தயிரின் செலவு 2,600. தயிரை 3,500க்கு வித்தால் 900 ரூபா லாபம் எண்டு மனம் குளிரும். ஆனால் சட்டியும் விறகும் பஸ் காசும் தயிருக்கு மட்டும் போனவை. அப்போ உண்மைச் செலவு 1,500உம் 2,200உம் சேர்த்து 3,700. கையில் 200 ரூபா நட்டம்! விடிய எழும்பிப் பால் காய்ச்சுகிற அம்மாவின் உழைப்பு இதில் இன்னும் சேரவே இல்லை.

எந்த வேலை எந்தச் செலவை உண்டாக்குது எண்டு பிரித்துப் பார்ப்பதைத்தான் செயற்பாட்டு அடிப்படையிலான கிரயமிடல் என்கிறார்கள். 1980களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளை முன்வைத்து வளர்ந்த முறை. தயிர்ச் சட்டிக்கும் அது பொருந்துது.

2001இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸ் முகாமைத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் அது மாமல்லபுரத்துக்கு அருகே மணமைக்குப் போனது. 2021 செப்டெம்பரில் காலமானார்.

படித்ததை ஊர்ப்பக்கம் கொண்டு வந்தவர் எண்டு அவரை மதிக்கலாம். ஆனாலும் அந்த அறிவு வந்து இறங்கியது கம்பனி முகாமையாளரை உருவாக்கும் வகுப்பறையில். பால்காரரின் முற்றம் வரைக்கும் அது வரவில்லை. மிச்சத் தூரத்தை ஆர் கடக்கிறது? கிரானுக்குப் பக்கத்தில், வந்தாறுமூலையில், 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான ஒரு வளாகம் இருக்கு. அங்கே கணக்கீடும் படிப்பிக்கிறார்கள். கடன் எடுக்க முதல், விலை பேச முதல், ஒரு வீட்டுக்காரர் தன் செலவைத் தானே எழுதிப் பார்க்கப் பழக்கிவிட நாலு மாணவரும் ஒரு கொப்பியும் போதும்.