வழிபாட்டு மொழியில் முன்னிலை: நீ, நீர், நன்றி

இறைவனை நோக்கி வாய் திறப்பவர் அவன் பெயரைச் சொல்வதற்கு முன்னரே ஒரு தேர்வைச் செய்துவிடுகிறார். அவனை 'நீ' என்பதா, 'நீர்' என்பதா என்பதே அத்தேர்வு. விவிலியத்தின் மூலமொழிகளான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இத்தேர்வுக்கு இடமில்லை. அரசனாயினும் அடிமையாயினும் இறைவனாயினும் ஒருவரை விளிப்பதற்கு அம்மொழிகளில் முன்னிலை ஒருமை ஒன்றே உண்டு. தமிழிலோ ஒருவரை விளிக்கும்போதே அவரிடத்து நமக்குள்ள மதிப்பும் உறவும் வெளிப்பட்டுவிடுகின்றன. எனவே, மூலம் சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் இங்கு வேண்டுதலை மொழிபெயர்க்க இயலாது. இத்தேர்வு தமிழில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், நன்றி கூறும் சொல்லில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

1. இலக்கணமும் பக்தி மரபும்

ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார். சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் அதனை 'உயர்சொற் கிளவி' எனப் பெயரிட்டுக் குறிப்பிடும் அவர், அது வழக்கில் உள்ளதே தவிர இலக்கண நெறிப்பட்டதன்று என வரையறுக்கிறார். உயர்வுப் பன்மை பேச்சு வழக்கிலிருந்து மெல்ல மெல்ல இலக்கியத்துள் நுழைந்தது என்பதற்கு இவ்வரையறை சான்றாகிறது.

பக்தி இலக்கியத்தில் 'நீ' என்னும் ஒருமையே பெரும்பான்மை. திருவாசகமும் திருவாய்மொழியும் இறைவனை ஒருமையில் விளித்தே உருகுகின்றன. இங்கு ஒருமை மதிப்புக் குறைவைக் காட்டுவதன்று. இடையில் எவரும் இல்லாத அணுக்கத்தைக் காட்டுவது. எனினும் தேவாரத்தில் பன்மை விளியும் உண்டு. திருவீழிமிழலையில் தாம் பெற்ற காசின் வாசி தீர வேண்டிச் சம்பந்தர் பாடிய பதிகத்தில் வினைமுற்று பன்மையில் அமைந்துள்ளது. கண்ணொளி இழந்த நிலையில் சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் முறையிட்டதாகப் பெரியபுராண மரபு கூறும் பதிகத்திலும் பன்மையே பயில்கிறது. முன்னது கொடுக்கல் வாங்கல் பற்றியது, பின்னது ஊடல். இவ்விடங்களில் பன்மை பணிவை மட்டும் உணர்த்துகிறது என்பது பொருந்தாது. எதிரில் நின்று வழக்குரைப்பவர் கொள்ளும் இடைவெளியும் அதில் ஒலிக்கிறது. ஆகவே, 'நீர்' என்றால் மதிப்பு, 'நீ' என்றால் மதிப்பின்மை என்னும் எளிய சமன்பாடு தமிழ் வழிபாட்டு மரபுக்குப் பொருந்துவதன்று.

2. கிறித்தவ மொழிபெயர்ப்புகள்

1578இல் கொல்லத்தில் அச்சான அன்றீக்கு அடிகளாரின் சிறுநூல் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பெயர் பெற்றது. சமயக் கோட்பாட்டைக் கற்பிக்கும் நூலுக்கு 'வணக்கம்' எனப் பெயரிட்டமை நோக்கத்தக்கது. பின்வந்த மொழிபெயர்ப்பாளர்களும் வணக்கத்தின் பக்கமே நின்றனர். இயேசு கற்பித்த மன்றாட்டில், இறைவனின் பெயர் கத்தோலிக்கரின் பழைய வடிவில் 'அர்ச்சிக்கப்படுகிறது'. 1871ஆம் ஆண்டின் ஒன்றிய மொழிபெயர்ப்பு மரபில் 'பரிசுத்தப்படுகிறது'. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'தூயது' எனப் போற்றப்பெறுகிறது. வடசொல் தமிழ்ச்சொல்லாயிற்று, தேவன் கடவுளானார். ஆயினும் 'உம்' என்னும் முன்னிலை அடி மூன்றிலும் மாறவில்லை. பெயர்ச்சொற்கள் பெயர்ந்த இடத்திலும் பெயராது நின்றது மாற்றுப்பெயரே.

பிற இந்திய மொழிகளோடு ஒப்பிடும்போது இதன் தனித்தன்மை புலப்படும். இதே மன்றாட்டின் மரபான வடிவங்களில் தெலுங்கும் கன்னடமும் ஒருமையையே கொண்டன. இந்தி, மராத்தி ஆகியனவும் அவ்வாறே. வங்காளம் இடைநிலையான 'துமி'யை ஏற்றது. மலையாளத்தில் சத்தியவேத புத்தகம் 'நின்' என்றும், கத்தோலிக்கர் வழக்கு 'அங்ஙு' என்றும் பிரிந்தன. மூலம் ஒன்றாயினும் ஒவ்வொரு மொழியும் தன் சமூக வழக்கை ஒட்டியே இறைவன் முன் நின்றது.

தமிழ் மொழிபெயர்ப்பாளரின் வணக்கவுணர்வு கதைமாந்தரின் வாய்மொழியிலும் கலந்துவிட்டதற்கு ஒரு சான்று காட்டலாம். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் சோதிக்க வரும் அலகை, இறைமகன் என்னும் நிலையைக் குறித்து இயேசுவைச் சீண்டுகிறது. 27ஆம் அதிகாரத்தில் சிலுவையருகே செல்வோர் அதே நிபந்தனைத் தொடரால் இகழ்கின்றனர். கிரேக்கத்தில் இரண்டும் ஒரே தொடர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ அலகை 'நீர்' என்கிறது. வழிப்போக்கர் 'நீ' என்கின்றனர். முதலாவதில் ஒலிப்பது பேசுவோனின் மதிப்பன்று, பெயர்ப்போனின் மதிப்பு. இரண்டாவதில் இகழ்ச்சியைக் காட்ட வேண்டிய தேவை அம்மதிப்பை விலக்கியிருக்கிறது. மூலத்தில் இல்லாத ஒரு வேறுபாடு இவ்வாறு தமிழ் வாசகர்க்குக் கிடைத்தது.

3. ஒருமையே வணக்கமாதல்

தமிழ் இசுலாமிய மரபு எதிர்த்திசையில் சென்றது. தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் அல்லாஹ் 'அவன்' என்றே சுட்டப்படுகிறான். வேண்டுதலில் 'நீ' என்றே விளிக்கப்படுகிறான். நபியைக் குறிக்கும்போதோ 'அவர்கள்', 'கூறினார்கள்' என உயர்வுப் பன்மை தவறாது வருகிறது. மனிதருக்குப் பன்மை, இறைவனுக்கு ஒருமை என்னும் இம்முறை மதிப்பின் தலைகீழ் வரிசையன்று. ஏகத்துவத்தை எண்ணிலும் காக்கும் நெறியாக இதனைக் கொள்ளலாம். பன்மை விகுதி எத்துணை உயர்வுடையதாயினும், இணையற்ற ஒருவனுக்கு அது பொருந்தாது என்னும் உணர்வு இங்கு இலக்கணமாகியுள்ளது. இறைவன் தன்னைக் கூறும் அரபுப் பன்மை மட்டும் 'நாம்' எனத் தமிழில் நிலைபெற்றது.

4. நன்றியும் தோத்திரமும்

வணக்கத்தோடு இணைந்தது நன்றி. பழந்தமிழில் 'நன்றி' என்பது நன்மை, செய்யப்பட்ட உதவி என்னும் பொருளது. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனப்படுகிறது. நன்றி அங்கு அறியப்படுவது, மறக்கப்படாதது, வாயால் சொல்லப்படுவதன்று. ஆதலின் நன்றி கூறுதலைக் குறிக்கும் கிரேக்க வினைக்குப் பழைய விவிலியம் 'ஸ்தோத்திரம்' என்னும் சொல்லைப் பயன்படுத்தியது. சைவர் திருமுறைகளைத் தோத்திர நூல்கள் என்பர். அதே சொல் கிறித்தவரிடையே நன்றியையும் புகழையும் ஒருங்கே சுமந்தது. இதில் பிழை காண வேண்டியதில்லை. எபிரேயத்தின் 'தோடா'வும் புகழ்ச்சி, நன்றிப்பலி இரண்டையும் தழுவிய சொல்லே. அரபு 'ஹம்து' தமிழில் 'புகழ்' ஆனபோதும், அதனுள் நன்றி உறைந்திருந்தது.

1995ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு, பல இடங்களில் 'நன்றி கூறுதல்' எனத் தெளிவாக்கியது. இதனால் பொருள் துலங்கியது. ஆனால் அன்றாடம் சிறு உதவிக்கும் சொல்லும் சொல்லே இறைவனுக்கும் உரியதாயிற்று. 'ஸ்தோத்திரம்' என்னும் சொல்லோ தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லாக இன்றும் வாழ்கிறது.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் வினா

இக்காலப் பொதுப்பேச்சில் மதிப்பு முன்னிலை 'நீங்கள்' என்பதே. 'நீர்' நெல்லை முதலிய வட்டார வழக்குகளில் இடைநிலை மதிப்புடன் வழங்குகிறது; ஏனையோரிடத்துப் பெரும்பாலும் வேண்டுதலுக்கும் எழுத்துக்கும் உரிய வடிவமாகச் சுருங்கியுள்ளது. எழுதி வைத்த மன்றாட்டில் மட்டுமன்றி, தாமாக வேண்டும்போதும் தமிழ்க் கிறித்தவர் 'நீர்' என்றே தொடங்குகின்றனர். ஒரு காலத்தில் சமூக மதிப்பைக் காட்டிய சொல், இன்று இறைவனுக்கென ஒதுக்கப்பட்ட சொல்லாகி வருகிறது.

இதனைப் பழமை எனக் கருதி 'நீங்கள்' என மாற்றினால், வேண்டுதல் அலுவல் மரியாதையின் தொனியைப் பெறக்கூடும். 'நீ' என மாற்றினால், பக்தி மரபின் அணுக்கம் மீளலாம். ஆனால் அவ்வொருமையை அவ்வாறு கேட்கப் பழகாத செவிக்கு அது துணிவாகவே படும். எவ்வடிவமும் தன்னளவில் வணக்கமுடையதன்று. ஒரு சமூகம் பல தலைமுறைகளாக எச்சொல்லைக் கொண்டு இறைவன் முன் நின்றதோ, அச்சொல்லிலேயே அதன் வணக்கமும் நன்றியும் தங்கியுள்ளன. ஆகவே முன்னிலையை மாற்றுவோர் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவதில்லை. அச்சமூகம் இறைவன்முன் நிற்கும் நிலையையே மாற்றுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.