ஒரு வேலியின் இரு பக்கம்: கிண்டி சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும்

பிள்ளைகளோடு கிண்டிக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சீட்டு வாங்குகின்றன. முதலில் சிறுவர் பூங்கா, பிறகு பாம்புப் பண்ணை. ஒரு வாயிலிலிருந்து மற்றதற்குச் சிறு நடைதான். சிறுவர் பூங்காவை வனத்துறை நிர்வகிக்கிறது. பாம்புப் பண்ணையை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. அது ஏறத்தாழ 22 ஏக்கர். இது ஒரே ஏக்கர். அங்கே மான், குரங்கு, கூழைக்கடா; இங்கே நல்ல பாம்பு, மலைப்பாம்பு, முதலை. செவ்வாய்க்கிழமை விடுமுறையைத் தவிர இவ்விரண்டுக்கும் பொதுவாக எதுவுமில்லை என்றே முதலில் தோன்றும்.

பிறப்பிலும் இரண்டும் வேறுபடுகின்றன. ஆளுநர் மாளிகை வளாகத்தின் காட்டிலிருந்து ஒரு பகுதி 1950களின் இறுதியில் பிரிக்கப்பட்டுச் சிறுவர் பூங்கா உருவானது. நேருவின் விருப்பம் அதற்குப் பின்புலம். பாம்புப் பண்ணையோ ரோமுலஸ் விட்டேக்கர் என்ற தனி மனிதர் சேலையூரில் சிறிய அளவில் தொடங்கி, 1972இல் கிண்டிக்குக் கொண்டுவந்த முயற்சி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் அதே 1972இல்தான். சிறுவர் பூங்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குழந்தைகளுக்கு மான் பிடிக்கும். அது போதுமான காரணமாக இருந்தது. பாம்புப் பண்ணை தான் ஏன் இருக்க வேண்டும் என்பதை வருகிறவர் ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டியிருந்தது. கண்டதும் கம்பைத் தேடும் ஒரு சமூகத்தின் நடுவே அது நின்றது.

ஆகவே சிறுவர் பூங்காவுக்குள் குடும்பம் அன்போடு நுழைகிறது. பாம்புப் பண்ணைக்குள் அச்சத்தோடு நுழைகிறது. முன்னதில் குழந்தை ஓடுகிறது, பெரியவர்கள் பின்தொடர்கிறார்கள். பின்னதில் பெரியவர்களின் கை குழந்தையின் தோளை இறுகப் பற்றுகிறது. இந்தப் பிடியைச் சற்றுக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கண்ணாடி விரியனைப் பார்த்ததும் சிறு குழந்தை அலறுவதில்லை. அது முதலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாசித்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு சான்று, வேடிக்கையாக, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. 1980களில் சூசன் மினெக்கா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆய்வுகள் நடத்தினர். ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகளிடம் பாம்பைப் பற்றிய அச்சம் அநேகமாக இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு பதறுவதைப் பார்த்த சிறிது நேரத்தில் அவையும் அஞ்சக் கற்றன; அந்த அச்சம் மாதக்கணக்கில் நிலைத்தது. அதே பதற்றத்தை ஒரு பூவைக் கண்டு ஏற்பட்டதுபோல காணொளியில் ஒட்டிக் காட்டியபோது, பூவுக்கு அஞ்ச அவை கற்கவில்லை. பாம்பச்சத்தைக் கற்கும் ஆயத்தம் பிறவியிலேயே இருக்கிறது. கற்பிப்பவரோ பக்கத்தில் நிற்கிறார். சிறுவர் பூங்காவின் குரங்கும் பாம்புப் பண்ணைக்கு வரும் குழந்தையும் இந்த ஒரு பாடத்தில் வகுப்புத் தோழர்கள்.

இனி பராமரிப்பு. தோற்றத்தில் சாதுவான மானைக் கையாள்வது எளிது, நச்சுப் பாம்பைக் கையாள்வது கடினம் என்று நினைப்போம். மருத்துவச் சோதனை என்று வரும்போது நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழாகிவிடுகிறது. பயிற்சி பெற்றவர் நல்ல பாம்பைக் கொக்கியால் தூக்கி, அதன் தலைப்பகுதியை ஒளி ஊடுருவும் குழாய்க்குள் செலுத்திவிட்டால், இருவருக்குமே பெரிய ஆபத்தில்லை. மானைத் துரத்திப் பிடித்தால் அச்சத்தாலும் ஓட்டத்தாலும் அதன் தசைகள் சிதைந்து, காயம் ஏதுமின்றியே அது இறந்துபோகலாம். எனவே மான் காப்பாளரின் திறமை பெரும்பாலும் தொடாமல் அறிவதில் இருக்கிறது: எது அசை போடுகிறது, எது போடவில்லை, எது மந்தையிலிருந்து விலகி நிற்கிறது, சாணம் எப்படி இருக்கிறது. பாம்புக் காப்பாளர் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் அவருடைய விலங்கு எதையும் காட்டிக்கொள்ளாது. எப்போது தின்றது, எப்போது மறுத்தது, எப்போது சட்டை உரித்தது என்ற பதிவேடுதான் அவருக்குக் கண்.

உரித்தல் என்றதும் எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை ஒன்று நினைவுக்கு வருகிறது. புள்ளிமான் கிடா ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கிறது. பாம்பு ஆண்டுக்குப் பலமுறை சட்டையை உதிர்க்கிறது. உதிர்ந்து கிடப்பதை இரண்டு காப்பாளர்களும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். புதிய கொம்பு கோணலாக வளர்ந்தால் காயமோ சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். சட்டை துண்டு துண்டாக வந்தால் கூண்டில் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். கண்ணை மூடியிருந்த படலமும் சேர்ந்து கழன்றிருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். சட்டை உரிக்கப்போகும் பாம்பின் கண் வெளுத்து நீலம் பாரித்திருக்கும். புதுக் கொம்பு முளைக்கும் மான் இரத்த ஓட்டமுள்ள மென்தோலைத் தலையில் சுமந்திருக்கும். அந்நாட்களில் இரண்டுமே எளிதில் புண்படக்கூடியவை. இரண்டையும் தனிமையில் விடுவதே பராமரிப்பு.

உணவில் கணக்கு முற்றிலும் வேறு. மானுக்கு அன்றாடம் பசுந்தீவனம் வேண்டும். பாம்புக்கு வாரம் ஒருமுறை போதும்; பெரிய மலைப்பாம்பு அதற்கும் மேலாகக் காத்திருக்கும். ஆனால் பார்வையாளர் செய்யும் தவறு இங்கும் அங்கும் ஒரே வேரிலிருந்துதான் முளைக்கிறது. மான் நம்மைப் பார்த்து வருகிறது, பசியோ என்று எண்ணி பிஸ்கட்டை நீட்டுகிறோம். பாம்பு அசையாமல் கிடக்கிறது, உயிரில்லையோ என்று கண்ணாடியைத் தட்டுகிறோம். மானின் இரைப்பையில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாவும் சர்க்கரையும் மிகும்போது அங்கே அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகிறது. பிஸ்கட் உறையின் நெகிழி அதைவிட மோசம். அது உள்ளேயே தங்கிவிடும். பாம்புக்கு வெளிச்செவி இல்லை. ஆனால் அதிர்வைத் தாடை எலும்பின் வழியே உணர்கிறது. கண்ணிமையும் இல்லாததால், விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று நம்மால் சொல்ல இயலாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நூறு பிள்ளைகள் ஆளுக்கொரு முறை தட்டினால், ஓய்வு என்பதே அதற்கு இல்லாமல் போகிறது. விலங்குக் காட்சிசாலையில் உணவிடுவதையும் சீண்டுவதையும் இரைச்சலிடுவதையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜெ பிரிவு ஒரே மூச்சில் தடுக்கிறது. அன்பால் செய்ததா, வேடிக்கைக்குச் செய்ததா என்று அது கேட்பதில்லை. அந்தக் கண்டிப்பு சரியானது என்றே கருதுகிறேன்.

இப்படிப் பார்த்தால் இரண்டு இடங்களும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே புள்ளிக்கு வருகின்றன. சிறுவர் பூங்கா, நெருங்கிச் செல்லும் குடும்பத்தைச் சற்றுப் பின்வாங்கச் சொல்கிறது. பாம்புப் பண்ணை, விலகி நிற்கும் குடும்பத்தைச் சற்று முன்னே வரச் சொல்கிறது. இரண்டில் எது கடினம்? பாம்புப் பண்ணையின் வேலை என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்தியாவில் பாம்புக் கடியால் ஆண்டுதோறும் சுமார் 58,000 பேர் இறப்பதாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது. அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும் அச்சம் கேள்வி கேட்கிறது. இது கடித்தால் என்ன ஆகும், சாரைக்கும் நல்ல பாம்புக்கும் என்ன வித்தியாசம், வீட்டுக்குள் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பெற்றோர் நின்று கேட்கிறார்கள். கேட்பவருக்குக் கற்பிக்க முடியும். அன்பு எதையும் கேட்பதில்லை. மானை நேசிக்கிறவர் தமக்கு அது தெரியும் என்றே நம்புகிறார். அதனால் கடினமான பணி சிறுவர் பூங்காவுக்குத்தான் வாய்த்திருக்கிறது என்பது இப்போதைய என் தீர்ப்பு. புதுப்பிக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில், கொறிக்க ஏதும் கொண்டுவராத குடும்பம்தான் விலங்குகளுக்கு நல்ல விருந்தினர்.

போகும் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். வழக்கமாகப் பாம்புப் பண்ணை கடைசியில், பிள்ளைகள் களைத்த பிறகு வருகிறது. காலையில் முதலில் அங்கே செல்லுங்கள். குளிர்ந்த மாதங்களில் முதலைகள் வெயில் காயக் கரையேறி, வாயைத் திறந்தபடி கிடக்கும் நேரம் அது. அசையாத ஒன்றின் முன் பத்து நிமிடம் நின்று பழகிய குழந்தை, மாலையில் மான்கள் எழுந்து மேயத் தொடங்கும்போது அவற்றைக் கைதட்டி அழைக்காமலே பார்க்கும்.