அரியலூர் ரயிலும் தஞ்சோரா ரயிலும்

எங்கள் பெரம்பலூர் மாவட்டத் தலைநகராகி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் ஊருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்குப் பஸ் பிடித்துப் போய்த்தான் ரயிலேற வேண்டும்.

என் அப்பா அந்த அரியலூர் ரயிலில் கடைசிவரை ஏறவில்லை. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்று வெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்துவிட, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அன்று ஆற்றங்கரைக்குப் போனவர்களில் அப்பாவும் ஒருவர். பார்த்ததை எங்களிடம் சொன்னதே இல்லை. "பஸ்லயே போயிடலாம்" என்று மட்டும் சொல்வார். வேலையில் இருந்த நாளெல்லாம் நானும் சென்னைக்குப் பஸ்ஸில்தான் போனேன்.

அப்படிப்பட்ட என்னைப் பேத்தி, திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லாவுக்கு இழுத்துப்போய், 'தஞ்சோரா' ரோலர் கோஸ்டர் வரிசையில் நிறுத்திவிட்டாள். இதில் தண்டவாளம் தலைக்கு மேலே. நாம் கால் தொங்க உட்கார வேண்டும்.

1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் அமைத்த மர ரயில் மணிக்கு ஆறு மைல் வேகத்தில்தான் ஓடியது. 1919இல் ஜான் மில்லர் என்பவர் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று பக்கமும் சக்கரம் கவ்விக்கொண்டதால், பெட்டி எகிறினாலும் பாதையை விட்டு விலகாது. 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்னில் எஃகுக் குழாய்த் தண்டவாளம் வந்தது. குழாயை எப்படியும் வளைக்கலாம் என்பதால், தலைகீழ்ச் சுழற்சிகளும் பின்னால் சாத்தியமாயின.

தோளை அழுத்திப் பூட்டு விழுந்தது. வண்டியில் எஞ்சின் இல்லை. மேலே இழுத்துவிடுவதோடு சரி. மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். உச்சியில் ஒரு கணம் அமைதி. அடுத்த கணம் வயிறு மட்டும் மேலேயே தங்கிவிட்டது. பள்ளத்தில் உடம்பு நெல் மூட்டையாய்க் கனத்தது. மேட்டில் பஞ்சாகிப் போனது. வானமும் தரையும் இடம் மாறின. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

இறங்கிக் கைகால் நடுங்க உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. மருதையாற்றில் துரோகம் செய்தது ரயில் அல்ல. அதைத் தாங்கியிருந்த மண். கிட்டத்தட்ட எழுபது வருடமாக நாங்கள் தவறான ஆளிடம் கோபித்துக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பும்போது செங்கல்பட்டில் ரயிலேறினேன். அரியலூரில் இறங்கவில்லை, திருச்சிவரை டிக்கெட் எடுத்திருந்தேன். மருதையாற்றுப் பாலம் வந்ததும் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை.